புராணமும் புத்திலக்கியமும்

முன்னோர் தெய்வக்கதை எனப் போற்றியவற்றைப் பின்னோர் எடுத்துப் புதிய உருவில் வழங்குதல் தகுமோ என்னும் வினா, இலக்கியம் பயில்வார் எவரும் ஒரு நாள் எதிர்ப்பட வேண்டிய வினாவாகும். தகும் என்பார், கதை எல்லார்க்கும் பொதுவான செல்வம் என்பர். தகாது என்பார், அது வழிபாட்டிற்கு உரியது, எழுதுவோன் மனம்போனபடி ஆள்வதற்கு உரியதன்று என்பர். இரு சாராரும் தத்தம் கட்சியில் உறுதியாக நிற்கக் காண்கின்றோம். யாமோ தமிழைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு பயிலும் மாணவர். பிறப்பாலும் பற்றாலும் கிறிஸ்தவர். ஆகலின் இவ்வினா எம்மிடம் இரு முகங் காட்டி வந்தது. பிறர் தெய்வமாகக் கொண்டாடுவோரின் கதைகளை யாம் எவ்வாறு படித்தல் வேண்டும் என்பது ஒன்று. எம் மறையிற் கண்டவற்றைப் பிறர் கதையாக்கினால் அதனை எவ்வாறு ஏற்றல் வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் குறித்து எம் உள்ளத்தில் நிகழ்ந்தவற்றை அன்பர்களுக்குக் கூறவே இச்சிறு கட்டுரை எழுதப் புகுந்தோம்.

யாம் வாழும் ஊர் குரோம்பேட்டை. இதற்குத் தலபுராணம் இல்லை. முன்னாளில் ஈண்டு அமைந்த குரோம் லெதர் கம்பெனி என்னும் தோல் பதனிடும் தொழிற்சாலையின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. ஆயினும் எத்திசை நோக்கினும் பழங்கதை எம்மைச் சூழ்ந்தே நிற்கின்றது. மேற்கே திருநீர்மலை, திருமங்கையாழ்வார் பாடிய பதி, திருமால் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் காட்சி தரும் இடம். அதற்கும் அப்பால் குன்றத்தூர்; பெரியபுராணம் பாடிய சேக்கிழார் தோன்றிய ஊர். வடக்கே திரிசூலத்துப் பழைய சிவன் கோயில். அதற்கும் வடக்கே பரங்கிமலை. இயேசு பெருமானின் சீடராகிய தோமா உயிர் துறந்த இடம் என்பது மரபு. தாம்பரத்தில் மின்சார ரயிலேறிப் பரங்கிமலையில் இறங்குவோர் அரைமணி நேரத்திற்குள் இக்கதைகள் அனைத்தின் பக்கலிலும் கடந்து செல்கின்றனர். அவருட் பெரும்பாலார் கைபேசியினின்று கண்ணெடுப்பதில்லை என்பது வேறு.

யாம் தமிழ் வகுப்பிற் சேர்ந்தபோது எம் பாட்டனார் முகம் வாடிற்று. அவர் வேதாகமம் முழுவதையும் பன்முறை ஓதி முடித்தவர். "மூன்றாண்டும் பிற தேவர்களின் கதையைப் படிக்கவா பணம் கட்டுகிறீர்கள்?" என்று எம் தந்தையாரை வினவினார். தந்தையார் வாய் திறக்கவில்லை. விடை கூறும் கடன் எம்மதாயிற்று. யாம் இரண்டு நூல்களைக் கொண்டு விடை கூறினோம்.

முதலாவது, வீரமாமுனிவர் 1726ஆம் ஆண்டில் இயற்றிய தேம்பாவணி. வளன் எனப் பெயர் தந்து சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு, 36 படலங்களில் 3,615 பாடல்களாக அமைந்த காப்பியம் அது. இத்தாலி நாட்டினின்று வந்த முனிவர் யூதேயா நாட்டைப் பாடப் புகுந்தபோது, மழை பொழிதலும் ஆறு பெருகுதலும் வயல் விளைதலுமாகத் தமிழ்க் காப்பிய நெறியிலேயே பாடினார். சிந்தாமணியையும் கம்பராமாயணத்தையும் அவர் கல்லாதிருந்தால் இது கைகூடியிராது.

இரண்டாவது, கிருஷ்ண பிள்ளையவர்களின் இரட்சணிய யாத்திரிகம். 1827இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடியிற் பிறந்த அவர் 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். பனியன் என்னும் ஆங்கிலேயர் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையை முதனூலாகக் கொண்டு, 3,700க்கு மேற்பட்ட பாடல்களில் அவர் யாத்த காப்பியம் 1894இல் வெளிவந்தது. சமயம் மாறியபோது அவர் கம்பனையும் தம்முடன் அழைத்துக்கொண்டே வந்தார் என்பதற்கு அந்நூலின் ஒவ்வொரு படலமும் சான்றாகும். அந்நூற்பாடல்களை எம் பாட்டனார் ஆலயத்தில் கண்ணீர் மல்கப் பாடுவதை யாம் சிறுபருவமுதற் கேட்டிருக்கின்றோம். "தாத்தா, நீங்கள் உருகிப் பாடும் பாட்டின் நடை, ஆழ்வாரும் நாயன்மாரும் பாடிப் பழக்கிய நடையன்றோ?" என்றோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், "அப்படியானால் ஒழுங்காய்ப் படி" என்றார்.

எம் கல்லூரியின் வரலாறும் எமக்குத் துணை நின்றது. 1937இல் தாம்பரத்திற்கு இடம் பெயருமுன், நகரத்தினிடையே இருந்த காலத்தில், பரிதிமாற் கலைஞரும், அவருக்குப் பின் வந்த மறைமலையடிகளும் இங்கே தமிழ் கற்பித்தனர். 1898 முதல் 1911 வரை ஈண்டுப் பணியாற்றிய அடிகள் அழுத்தமான சைவர். பின்னர் எம் ஊரை அடுத்த பல்லாவரத்திற் குடியேறி வாழ்ந்தவர். கிறிஸ்தவக் கல்லூரி சைவரிடம் தமிழ் கேட்டது. அதனால் ஒருவருக்கும் பற்றுக் குறைந்ததாக யாம் கேட்டிலோம்.

நிற்க. பழங்கதையைப் புதுக்குதல் பற்றிப் பொதுவாகப் பேசுதலினும் ஒரு கதையை எடுத்து ஆராய்தலே தெளிவு தரும். யாம் எடுத்துக்கொள்வது அகலிகையின் கதை.

தமிழில் அக்கதை மிகப் பழைமையானது. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில் திருப்பரங்குன்றத்து ஓவியங்கள் கூறப்படுகின்றன. அவற்றுள் இந்திரன், அகலிகை, கவுதமன் ஆகியோரின் கதையும் தீட்டப்பட்டிருந்ததையும், கோயிலுக்கு வந்தோர் அதனை ஒருவருக்கொருவர் விளக்கி மகிழ்ந்ததையும் புலவர் காட்டுகின்றார். முனிவரின் சினத்தால் அவள் கல்லுருவம் எய்தியதும் அங்கேயே உண்டு. வான்மீகத்தின் பாலகாண்டத்திலோ அவள் கல்லாவதில்லை. வந்தவன் இந்திரன் என்று அறிந்தே உடன்படுகின்றாள். எவர் கண்ணுக்கும் புலப்படாமற் சாம்பலிற் கிடந்து, காற்றையே உணவாகக் கொண்டு நெடுங்காலம் தவங்கிடக்குமாறு சபிக்கப்படுகின்றாள். கம்பர் அவளை மீண்டும் கல்லாக்கினார். இராமன் திருவடித்துகள் பட்டு எழச் செய்தார். அவள் உள்ளத்தாற் பிழை செய்திலள் என்று விசுவாமித்திரர் வாயிலாகக் கூறுவித்துக் கணவனிடம் சேர்ப்பித்தார். ஆகவே ஒரே கதை ஓவியர் கையில் ஒருவிதமாயும், வான்மீகியார் கையில் ஒருவிதமாயும், கம்பர் கையில் ஒருவிதமாயும் வழங்கியிருக்கின்றது. பழங்கதையை மாற்றுதல் இக்காலத்தார் புதிதாகக் கண்ட தொழிலன்று என்பது இதனாற் போதரும்.

இனி, புதுமைப்பித்தன் என்னும் புனைபெயர் பூண்ட சொ. விருத்தாசலம் அவர்களிடம் வருவோம். 1906இற் பிறந்து 1948இல், நாற்பத்திரண்டு வயதிற்குள், மறைந்த இவர் அகலிகையை இருமுறை எழுதினார். 'அகல்யை' முந்தியது. 'சாப விமோசனம்' 1943இற் கலைமகளில் வெளிவந்தது. இராமாயணம் அறிந்தோர்க்கு இக்கதை பிடிக்காமற் போகலாம் என்றும், அதுபற்றித் தமக்குக் கவலை இல்லை என்றும் அவரே முகப்பிற் சொல்லிவிடுகின்றார். கம்பர் முடித்த இடத்தில் இவர் தொடங்குகின்றார். கல் பெண்ணாகிவிட்டது, கணவரும் ஏற்றுக்கொண்டார். அதன்பின் அவர்கள் நாள்தோறும் எவ்வாறு வாழ்ந்தனர்? அயலார் ஒரு சொல் சொன்னாலும் அது தன்னைக் குறித்ததோ என்று அகலிகை அஞ்சுகின்றாள். எவர் நோக்கினும் நடுங்குகின்றாள். வனவாசம் முடிந்து இராமனும் சீதையும் அவளைக் காண வருகின்றனர். தனித்திருக்கும்போது, தான் தீக்குளித்ததைச் சீதை கூறுகின்றாள். தன்னைக் கல்லினின்று மீட்டவனா இதனைக் கேட்டான் என்று அகலிகையின் உள்ளம் உடைகின்றது. முடிவில் அவள் மீண்டும் கல்லாகின்றாள். கவுதமர் துறவியாய் வெளியேறுகின்றார். முதற்கல் சாபத்தால் வந்தது. இரண்டாங்கல் எவர் சாபமுமின்றி வந்தது.

இக்கதையை முதன்முறை படித்த அன்று எமக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் வகுப்புத் தோழர் ஒருவரிடம் மிகப் புகழ்ந்து பேசினோம். அவர் திருநீர்மலைப் பக்கத்தவர், வைணவர், எம்மினும் நன்கு கம்பனைக் கற்றவர். அவர் கூறியதை ஏறக்குறைய அவர் சொற்களிலேயே தருகின்றோம்.

"கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் தாயார் நாள்தோறும் எவர் பெயரைச் சொல்லி விளக்கேற்றுகிறாரோ, அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டார் இந்த எழுத்தாளர். உனக்கு இது எளிது. அவர் உன்னுடைய இராமர் அல்லர். உன் கிறிஸ்துவை ஒருவர் இப்படி எழுதினால், இதே வாயால் அருமை என்று சொல்வாயா?"

யாம் உடனே விடையிறுக்கவில்லை. வினா நேர்மையானது, அதற்கு நேர்மையான விடையே தரவேண்டும். எம் மறையைத் தொட்டு எழுதிய இக்கால நூல் ஒன்றைப் படித்துப் பார்த்தபின் கூறுவோம் என்றெண்ணி, ஸ்வீடன் நாட்டுப் பேர் லாகர்க்விஸ்ட் என்பார் 1950இல் வெளியிட்ட பரபாஸ் என்னும் நாவலை மொழிபெயர்ப்பில் எடுத்தோம். அதனை எழுதியவருக்கு 1951இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. கிறிஸ்துவுக்குப் பதிலாக விடுதலை பெற்ற பரபாஸ் என்னும் கள்வனின் கதை அது. தனக்காக ஒருவர் இறந்ததைக் கண்ணாற் கண்டும் அவன் நம்பமாட்டாதவனாய் அலைகின்றான்; நம்ப விரும்பியும் இயலாதவனாய் மடிகின்றான். படிக்கும்போது எமக்குப் பல இடங்களில் உள்ளம் நொந்தது, மறைக்க விரும்பவில்லை. எம் ஆண்டவர் அந்நூலிற் சிறிது நேரமே, அதுவும் அயலான் ஒருவன் கண்வழியாகவே, தோன்றுகின்றார். ஆயினும் நூலை மூடியபின் ஒன்று நிகழ்ந்தது. எமக்காக ஒருவர் மரித்தார் என்று ஞாயிறுதோறும் யாம் சொல்லிவரும் சொல், அடுத்த ஞாயிறு எம் நாவிற் கனத்தது. பழக்கத்தால் தேய்ந்த சொல்லுக்கு நம்பாதவன் கதை எடை கூட்டிற்று.

இதன்பின் எமக்குத் தோன்றிய அளவுகோல்கள் மூன்று. பழங்கதையைத் தொடுபவர் அதனை முழுதும் கற்றவரா என்பது முதலாவது. அவர் எழுப்பும் வினா பழங்கதையினுள்ளேயே கிடந்ததா, அன்றி வெளியிலிருந்து புகுத்தப்பட்டதா என்பது இரண்டாவது. நம்புவோரை எள்ளுதற்காக எழுதினாரா, எவருடைய துயரையேனும் தாங்கி எழுதினாரா என்பது மூன்றாவது. இவற்றைக் கொண்டு நோக்கினால் சாப விமோசனம் தாழ்வுறாது. சீதையின் தீக்குளிப்பைப் புதுமைப்பித்தன் புனையவில்லை. வான்மீகியாரும் கம்பரும், இராமன் வாயினின்று வந்த கடுஞ்சொற்களை மறையாமற் பாடி வைத்தனர். அகலிகைக்கு இரங்கியதையும் சீதைக்கு இரங்காததையும் அவர்களே நம் கையிற் கொடுத்துச் சென்றனர். இரண்டையும் அருகருகே வைத்ததே பின்வந்தவர் செய்த செயல்.

இதனைத் தோழரிடம் கூறினோம். "வினா நூலுக்குள் இருப்பது மெய்தான். ஆனால் கம்பர் அந்த வினாவைச் சுமந்துகொண்டும் வணங்கினார். இவர் வணங்கவில்லை" என்றார் அவர். அதற்கு மறுமொழி எம்மிடம் இல்லை. இருத்தல் வேண்டும் என்றும் தோன்றவில்லை. இன்றும் அக்கதையைக் குறித்து அவரும் யாமும் ஒருமனப்பட்டிலேம். ஆயினும் இருவரும் சேர்ந்தே கம்பன் படிக்கின்றோம்.

பிற சமயத்தவர் எம் மறையைத் தொட்டதற்குத் தமிழிலேயே நல்ல சான்றுகள் உண்டு. சக்திதாசனாகிய பாரதியார், உயிர்த்தெழுந்த கிறிஸ்துவை மகதலேனா மரியாள் கண்டதைப் பாடி, அதற்கு உட்பொருளும் கண்டார். அர்த்தமுள்ள இந்து மதம் எழுதிய கண்ணதாசன் இயேசு காவியமும் எழுதினார். அது அவர் மறைந்ததற்கு மறு ஆண்டு, 1982இல் வெளிவந்தது. மறுதலையாக, 1843இற் கிறிஸ்தவரான வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தர், இராவணன் மைந்தனுக்கு இரங்கி 1861இல் மேகநாதவதம் பாடினார். அவர் 1848 முதல் எட்டாண்டு சென்னையில் வாழ்ந்தவர் என்பதை எம் கல்லூரி நண்பர்கள் பலர் அறியார். வேலி கட்டியவர்களினும் வேலி தாண்டி நன்மை கொணர்ந்தவர்களையே இலக்கியம் நினைவில் வைக்கின்றது.

தமிழிற் பாரதக்கதை பெற்ற புத்துயிரும் எண்ணத்தக்கது. 1912இல் முதற்பாகம் வெளிவந்த பாஞ்சாலி சபதத்தில் அவை நடுவே நிற்பவள் துருபதன் மகள் மட்டுமல்லள், அடிமைப்பட்ட நாடும் ஆவள். நால்வருக்கு மாறிமாறித் தரப்பட்ட மாதவியின் துயரை எம். வி. வெங்கட்ராம் நித்யகன்னியில் எழுதினார். எஸ். ராமகிருஷ்ணனின் உபபாண்டவம் பாரதத்தின் சிறுமாந்தரைத் தேடிச் சென்றது. ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை வெண்முரசு என்னும் பெயரால் அக்கதை முழுவதையும் 26 நாவல்களாக எழுதி முடித்தார். இவற்றை விரிப்பிற் பெருகும்.

எம் உள்ளத்தை ஈர்ப்பது இன்னும் அகலிகையே. அதற்குக் காரணம் உண்டு.

யோவான் எழுதிய சுவிசேஷத்தின் எட்டாம் அதிகாரத்திலும் ஒரு பெண் இருக்கின்றாள், கல்லும் இருக்கின்றது. விபசாரத்திற் பிடிபட்ட அவளை மோசேயின் சட்டப்படி கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்று கூட்டம் கொணர்ந்து நிறுத்துகின்றது. பெருமான் குனிந்து தரையில் எழுதுகின்றார். பாவமில்லாதவனே முதலில் எறியட்டும் என்கிறார். முதியோர் தொடங்கி ஒவ்வொருவராய் விலகுகின்றனர். அவர் அவளை ஆக்கினைக்கு உட்படுத்தாமல் அனுப்பிவிடுகின்றார். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் இப்பகுதி காணப்படவில்லை என்று அறிஞர் கூறுவர். எழுதினோர்க்கும் இக்கதை எளிதாய் இருக்கவில்லை போலும். அந்தப் பெண் அன்று மாலை எவ்வீட்டிற்குத் திரும்பினாள், அவளுக்கு எவர் கதவு திறந்தார் என்பதைச் சுவிசேஷம் கூறவில்லை.

எம் அன்னையாரின் தங்கை ஒருவர் உள்ளார். கணவர் கொடுமை தாங்காது அவ்வீட்டை விட்டு நீங்கி, வேற்றூரில் மூன்றாண்டு தனித்து வேலை பார்த்தார். பின் எம்முடன் வந்து தங்கினார். அவர் இல்லாத காலத்தில் அவரைப்பற்றி ஊரிற் பேச்சு வளர்ந்திருந்தது. சபையார் அவரை வரவேற்றனர், ஜெபமும் செய்தனர், ஒருவரும் கடுஞ்சொல் கூறவில்லை. ஆனால் முன்பு பெண்கள் கூட்டத்தில் வேதம் வாசித்து வந்த அவரை, அதன்பின் எவரும் வாசிக்க அழைக்கவில்லை. ஆராதனையில் அவர் அமர்ந்த வரிசையில் அவருக்கு இரு பக்கமும் இடம் எஞ்சியிருந்தது. இதனைக் குற்றமென்று எவர் மீதும் சுமத்த வழியில்லை. எவரும் ஒன்றும் செய்யவில்லை அன்றோ!

ஒருநாள் மாலை அவருக்கு அக்கதையைப் படித்துக் காட்டினோம். பழைய ஏற்பாடு கேட்பவர் போலத் தலைகுனிந்து கேட்டார். முடிந்ததும், "இதை எழுதியவர் ஆண்பிள்ளையா?" என்றார். ஆம் என்றோம். "எப்படித் தெரிந்ததோ! இராமர் வந்தார், எழுப்பினார், போய்விட்டார். நாளும் தண்ணீருக்குப் போகவேண்டியவள் அவள்தானே, தம்பி?" என்றார். பின் எழுந்து அடுக்களைக்குச் சென்றுவிட்டார்.

எம் தோழர் எழுப்பிய வினாவிற்கு அன்றே எமக்கு விடை கிடைத்தது. எம் ஆண்டவரைக் குறித்து இத்தகைய கதை ஒன்று எழுதப்படின், யாம் நோவோம், ஆயினும் படிப்போம். ஏனெனில் மன்னித்தல் ஒரு கணத்தில் முடிவதாக யாம் எண்ணியிருக்க, மன்னிக்கப்பட்டவர் அதன்பின் நாள்தோறும் வாழவேண்டும் என்பதை அத்தகைய கதையே எடுத்துக் கூறுகின்றது. சாபத்தைத் தீர்ப்பது தெய்வத்தின் செயல். தீர்ந்தவளுக்குப் பக்கத்தில் அமர்வது மனிதரின் செயல். புதுமைப்பித்தன் கூண்டில் நிறுத்தியது இராமனை என்று எம் தோழர் கூறினார். எமக்கோ, ஆற்றங்கரையில் நின்று பார்த்த அயலாரும் அக்கூண்டில் நிற்பதாகத் தோன்றிற்று. அவரிடையே எம் சபையாரும் யாமும் நின்றோம்.

இக்கதையை எம் அன்னையாரிடமும் கூறினோம். அவர் பாடகர் குழுவில் இருபதாண்டாகப் பாடுபவர். குழுவினர்க்கு முன்வரிசையில் இடமுண்டு. இப்போது ஞாயிறுதோறும் பாடல் முடிந்ததும் இறங்கி வந்து தம் தங்கையின் அருகில் அமர்கின்றார். இடம் இன்னும் ஒரு பக்கம் எஞ்சியே இருக்கின்றது.

அன்பர்காள்! பழங்கதை பழையோர்க்கே உரியது என்று விட்டுவிடுதலும், புதுக்கதை பழமையைக் கெடுப்பது என்று வெறுத்தலும் நமக்கு வேண்டா. கிறிஸ்தவர் கம்பனையும் சேக்கிழாரையும் முழுதும் கற்பாராக. ஏனைச் சமயத்து நண்பர்கள் தேம்பாவணியையும் இரட்சணிய யாத்திரிகத்தையும் சீறாப்புராணத்தையும் ஒருமுறையேனும் எடுத்துப் பார்ப்பாராக. நூல்நிலையங்களில் அவை தூசி படிந்து கிடக்கின்றன. முதலில் மூலத்தைக் கற்போம். அதன்பின் புதியோர் கேட்கும் வினாவிற்குச் செவி கொடுப்போம். அவ்வினா நம் உள்ளத்தை உறுத்துமாயின், உறுத்துவது யாது என்று கதைக்குள்ளும், பின்னர் நம் வீட்டிற்குள்ளும் தேடுவோமாக.